பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் போதவில்லையா? சூப்பர்சார்ஜர் வண்டியில் கோளாறைத் தேடும் வழி

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டால் சுழன்று காற்றை அழுத்தித் திணிக்கும் ப்ளோயர்; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்) மாட்டிய வண்டியை அடிக்கடி பார்க்க முடியாது. பார்க்கிற சிலவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய நாலு சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ஈட்டன் எம்45 அல்லது ஐசின் ஏஎம்ஆர்500 ப்ளோயர், லேத்தில் செய்த பிராக்கெட், பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), தனி இசியு (பெட்ரோல் அளவைக் கணக்கிடும் கம்ப்யூட்டர்). கொஞ்ச நாள் ஓடியதும் "மிதிச்சா திணறுது" என்று ஒரு புகார் வரும். அடுத்த வாரமே "இன்னாண்ணா, டேங்க் மோட்டார் மாத்தியும் அப்படியேதான் கீது" என்று இன்னொன்று வரும்.

டேங்க் மோட்டார் என்கிற பெட்ரோல் பம்பை மாற்றுவது தப்பில்லை, அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் தப்பு. திணறல் வருகிற அந்த நொடியில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாய்) அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். ஐடிலில் பார்த்த அழுத்தம் கணக்கில் வராது. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால், பாதி செத்த பம்புகூட அங்கே நல்ல எண்ணைக் காட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஸ்டில் லீன் ஆனால், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாமல் போனால், இன்ஜின் தட்டும் (கலவை தாறுமாறாக வெடிக்கும்). தட்டினால் பிஸ்டன் போகும். வைட்பேண்ட் மீட்டர் (எக்ஸாஸ்ட் புகையிலிருந்து கலவையை அளப்பது) லீன் காட்டினால் உடனே காலை எடுங்கள். "இன்னொரு தடவை மிதிச்சுப் பார்க்கலாம்" என்ற ஆசையில் போன பிஸ்டன்கள் நிறைய.

முதலில் கேஜ்

ரெயிலிலோ, ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவிலோ ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டு, 0 முதல் 7 பார் வரை காட்டும் கேஜ் மாட்டுங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டுமென்றால் எலெக்ட்ரிக் சென்சார் வைத்து ஒயரை மட்டும் உள்ளே கொண்டுவரலாம். பெட்ரோல் ஓடும் ஹோஸைக் கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. இசியு ஏற்குமானால் அதே சென்சாரை அதில் இணைத்து லாக் எடுப்பது (எண்களைப் பதிவு செய்வது) இன்னும் நல்லது. கண்ணைவிட லாக் வேகமானது. பார்ப்பதற்காக ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவும் வேண்டாம்.

லைனைக் கழற்றும் முன் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சிந்துகிற வேலை இது. வெயிலில் நின்ற வண்டியென்றால் ஆறிய பிறகு தொடுங்கள்.

முழுப் பூஸ்டில் சோதிக்க நல்ல இடம் டைனோ (வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் மேடை). இல்லையென்றால் சென்னை போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டை டிராக். வேலூர் பைபாஸ் அதற்கான இடமில்லை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

என்ன எண் வரவேண்டும்

ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) உள்ள வண்டியில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெயிலில் இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பாகம்) போகும். அந்த ஹோஸைக் கழற்றிவிட்டு ஐடிலில் பார்த்தால் 3 பார் என்று வைத்துக்கொள்வோம், அதுதான் அடிப்படை அழுத்தம். ஹோஸை மாட்டினால் வேக்குவத்தால் 2.4 பக்கம் இறங்கும். 0.5 பார் பூஸ்டில் 3.5 காட்ட வேண்டும். மேனிஃபோல்டில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயிலிலும் ஏறவேண்டும். இன்ஜெக்டருக்கு மேலும் கீழும் உள்ள வித்தியாசம் எப்போதும் 3 பாராகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ரெகுலேட்டரின் வேலை.

இந்த வித்தியாசம் குறைந்தால் என்ன ஆகும்? இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3.5 காட்ட வேண்டிய இடத்தில் 2.5 காட்டினால் வித்தியாசம் 3-லிருந்து 2-ஆகிறது. பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறைகிறது. 0.80 லாம்டாவில் (1 என்றால் சரிவிகிதக் கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் கூடுதல்) ட்யூன் செய்த இன்ஜின் 0.98-க்குப் போய்விடும். சாதாரணமாக ஓடும்போது 0.98 நல்ல எண்தான், பூஸ்டில் அதே எண் ஆபத்து.

ரிட்டர்ன் இல்லாத வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும், பூஸ்ட் அதற்குத் தெரியாது. 3 பார் அடிப்படை, 0.5 பார் பூஸ்ட் என்றால், எல்லாம் நன்றாக வேலை செய்யும்போதே பெட்ரோல் 9 சதவீதம் குறையும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. இசியு மேப்பில் (பெட்ரோல் அளவு அட்டவணை) சரிக்கட்டலாம். ஆனால் அதே வண்டியில் அழுத்தம் 3-லிருந்தும் கீழே இறங்கினால் அது கோளாறுதான்.

ஐடில் சரி, மிதமான ஓட்டம் சரி, மிதித்தால் மட்டும் லீன்

பெரும்பாலான புகார் இதுதான். எந்த ஆர்பிஎம்மில் லீன் ஆகிறது என்று முதலில் பாருங்கள். எம்45, ஏஎம்ஆர்500 போன்ற ரூட்ஸ் வகை ப்ளோயர்கள் 2,500-லேயே பூஸ்ட் கொடுத்துவிடும், ஆனால் அங்கே பெட்ரோல் தேவை குறைவு. அங்கேயே லீன் என்றால் பம்பைச் சந்தேகிக்க அவசரமில்லை. ரெகுலேட்டர் ஹோஸையோ மேப் சென்சாரையோ (மேனிஃபோல்டின் அழுத்தத்தை இசியுவுக்குச் சொல்வது) பாருங்கள். 5,000-க்கு மேலே மட்டும் லீன் என்றால் பெட்ரோலின் அளவு பற்றாக்குறை. இந்த ஒரு கேள்வி பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

*அழுத்தம் அசையாமல் 3-லேயே நிற்கிறது, பூஸ்டுக்கு ஏறவில்லை.* ரெகுலேட்டர் ஹோஸ் எங்கே மாட்டியிருக்கிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். சூப்பர்சார்ஜர் வண்டிகளுக்கே உரிய ஒரு பிசகு இங்கே உண்டு. பல கிட்களில் த்ராட்டில் பாடி ப்ளோயருக்கு முன்னால் இருக்கும். த்ராட்டிலுக்கும் ப்ளோயருக்கும் நடுவிலுள்ள பகுதி வேக்குவம்தான். முழுதாக மிதித்தாலும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் அங்கே ஏறாது. கைக்கு எட்டும் நிப்பிள் அங்கேதான் இருக்கும் என்பதால் மெக்கானிக் அதிலேயே செருகிவிடுவார். ஐடிலில் எல்லாம் சரியாகத் தெரியும். பூஸ்டில் ரெகுலேட்டருக்கு ஒன்றுமே தெரியாது. ஹோஸ் ப்ளோயருக்குப் பின்னால், இன்டேக் வால்வுகளுக்கு முன்னால் உள்ள மேனிஃபோல்டிலிருந்து வரவேண்டும். பைபாஸ் வால்வோடு (பூஸ்ட் வேண்டாதபோது ப்ளோயர் காற்றைத் திருப்பி விடுவது) டி போட்டுப் பங்கிடாமல் தனியாக வரட்டும். கிளிப் போடாத ஹோஸ் பூஸ்டில் கழன்று போவதும் உண்டு.

ஹோஸ் சரியென்றால் கையால் இயக்கும் காற்றுப் பம்பால் ரெகுலேட்டருக்கு 0.5 பார் கொடுத்துப் பாருங்கள். பம்ப் ஓடும்போது ரெயில் அழுத்தம் அதே அளவு ஏறாவிட்டால் ரெகுலேட்டர் போய்விட்டது.

*அழுத்தம் முதலில் ஏறி, ஆர்பிஎம் ஏற ஏற இறங்குகிறது.* பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்ப் என்று முடிவு கட்டும் முன் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று கரண்ட். பம்ப் கனெக்டரில் மீட்டரை வைத்து, பம்ப் ஓடும்போதே அளவிடுங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட், பம்பில் 11.9 என்றால் வழியில் 1.9 வோல்ட் தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் தொலையக் கூடாது. பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு, எர்த் பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகப் பாருங்கள். பழைய வண்டிகளில் எர்த் போல்ட்டின் துருதான் பல நேரம் குற்றவாளி. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பைக் கம்பெனி ஒயரில் மாட்டுவது இங்கே சர்வசாதாரணம். அந்த ஒயர் அதற்கான தடிமன் இல்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, தனி ரிலே போடுங்கள். அந்த ரிலேயை இயக்குவது பழைய பம்ப் ஒயராகவே இருக்கட்டும். அப்போதுதான் இன்ஜின் நின்றால் இசியு பம்பையும் நிறுத்தும். சாவி போட்டாலே பம்ப் ஓடும்படி ஒயரிங் செய்த வண்டி விபத்தில் சிக்கினால், கிழிந்த லைனிலிருந்து பெட்ரோல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு ஃபில்டர். முன்னும் பின்னும் கேஜ் வைத்தால் அடைப்பு தெரியும். புதியது போட்டாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள். செம்மண் நிறத் தூள் என்றால் டேங்கில் துரு, கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் என்றால் ஏதோ ஒரு ஹோஸ் உள்ளுக்குள் கரைகிறது. பம்பின் அடியில் இருக்கும் வலைப்பையையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது, பலரும் பார்க்காத இடம்: டேங்குக்குள் பம்பையும் மேல்மூடிக் குழாயையும் இணைக்கும் நான்கு விரல் நீள ஹோஸ். அது பெட்ரோலில் மூழ்கியே கிடப்பது. வெளியில் விற்கும் சாதாரண ஃபியூயல் ஹோஸ் உள்ளே பெட்ரோலைத் தாங்கும், ஆனால் வெளித்தோல் மூழ்கிக் கிடப்பதைத் தாங்காது, உப்பிப் பிளக்கும். பிளந்தாலும் சொட்டாது, வாடை வராது, ஏனென்றால் ஒழுகுவது டேங்குக்குள்ளேயே. ஐடிலில் பிளவு மூடியிருக்கும், அழுத்தம் கூடினால் திறக்கும். டேங்குக்குள் போட ஜே30 ஆர்10 தரம் என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஹைட்ராலிக் ஹோஸ் அடித்து வாங்கிப் போடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அது எண்ணெய்க்கானது, எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதை நம்ப வேண்டாம்.

இந்த மூன்றும் சரியென்றால் இப்போது பம்ப். ரெகுலேட்டருக்குப் பின்னால் ரிட்டர்ன் லைனைக் கழற்றி ஒரு உலோகக் கேனில் விட்டு, ரெகுலேட்டருக்கு 0.5 பார் காற்றழுத்தம் கொடுத்தபடி பம்பை 30 விநாடி ஓட்டுங்கள். 1 லிட்டர் வந்தால் மணிக்கு 120 லிட்டர். பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருந்தால் எண் உண்மைக்குப் பக்கத்தில் வரும். தேவை எவ்வளவு? 160 குதிரைத்திறன் எடுக்கும் சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு என்ற வழக்கமான கணக்கில், 96 பவுண்டு, அதாவது 59 லிட்டர் பக்கம். கால்பங்கு கூட வைத்தால் 75. பம்ப் இதைக் கொடுத்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள், அது குற்றமற்றது.

*அழுத்தம் எல்லா இடத்திலும் சரி, ஆனாலும் லீன்.* இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். 6,000 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக்கும் முடியும் இரண்டு சுற்றுக்கு மொத்தமே 20 மில்லிவிநாடி. லாகில் 18 என்று இருந்தால் 90 சதவீதம், அதற்கு மேல் இன்ஜெக்டரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. மேலே சொன்ன 160 குதிரைத்திறனுக்கு 80 சதவீதத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 315 சிசி கொடுக்க வேண்டும்.

மேப் சென்சார் 1 பார் வகையாக (வெளிக்காற்றின் அழுத்தம் வரை மட்டுமே அளப்பது) இருந்தால் பூஸ்ட் அதன் கண்ணுக்கே தெரியாது. இசியு பூஸ்ட் இல்லாத கணக்கிலேயே பெட்ரோல் விடும். வைட்பேண்டுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தாலோ மிஸ்ஃபயர் இருந்தாலோ மீட்டர் பொய்யாக லீன் காட்டும். பூஸ்டில் பொறி அணைந்தால் எரியாத ஆக்சிஜன் வெளியே வருகிறது, சென்சார் எண்ணுவது அதைத்தான். பிளக் இடைவெளியைக் குறைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்ரோல் பக்கம் வாருங்கள்.

பழைய கிட்களில் பெரிய இன்ஜெக்டருக்குப் பதிலாக, பூஸ்ட் 1 ஏறினால் அழுத்தம் 8, 10, 12 என்று பல மடங்கு ஏற்றும் ஒரு வால்வு வரும். 6 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு 10 மடங்கு என்றால் அடிப்படை 43-உம் (அதே 3 பார்) சேர்த்து 100 பிஎஸ்ஐ தாண்டும். அந்த அழுத்தத்தில் கம்பெனி பம்ப் ஏறக்குறைய ஒன்றும் தள்ளாது. இதைச் சரிசெய்து காலம் கழிப்பதைவிடக் கழற்றி வைத்துவிட்டு இன்ஜெக்டர் மாற்றுவது மேல் என்பது என் கருத்து.

ஒரு சின்ன விஷயம்: மிதிக்கும்போது பூஸ்ட் இறங்கி, லாம்டா *ரிச்* (பெட்ரோல் கூடுதல்) ஆனால் பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். பெல்ட் வழுக்குகிறது.

காலையில் சரி, மதியம் மட்டும் திணறல்

மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. ரோட்டின் சூடு நேராக டேங்கின் அடியில் அடிக்கும். பெரிய பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடி, தேவைக்கு மேலான பெட்ரோலை இன்ஜின் ரூம் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து மீண்டும் டேங்கில் விடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்ரோல் இன்னும் சூடாகும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஆவி உண்டானால் பம்ப் ஊளையிடும், கேஜ் முள் நடுங்கும். டேங்கில் கால்பங்குக்குக் கீழே விடாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே வேகமாக இழுக்கப்பட்டால் காற்றோட்ட வழி அடைத்திருக்கிறது. அப்படி வேக்குவம் சேர்ந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ரெயிலும் லைனும் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போனால் சூட்டுத் தடுப்பு உறை போடுங்கள்.

மதியக் கோளாறென்றாலே ஆவி என்று நினைக்கவும் வேண்டாம். சூட்டில் ரிலே தொடர்பு விடுவதும், ஏசி போட்டதும் வோல்ட் இறங்குவதும் இதே மாதிரிதான் தெரியும். லாகில் வோல்ட் கோடும் அழுத்தக் கோடும் சேர்ந்து இறங்கினால் பதில் அங்கேயே இருக்கிறது.

ஏலகிரி வளைவில் மட்டும் வெட்டுகிறது

14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, குறிப்பிட்ட பக்கம் திரும்பினால் மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது என்றால், பெட்ரோல் டேங்கின் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் பம்ப் காற்றை விழுங்குகிறது. டேங்கை முக்கால் நிரப்பி அதே வளைவில் மீண்டும் பாருங்கள். போய்விட்டால் நோய் உறுதி. பெரிய பம்பைத் திணிப்பதற்காக, பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கிவைக்கக் கம்பெனி வைத்த உள்கிண்ணத்தை அறுத்து எறிந்த வண்டிகளில் இது கட்டாயம் வரும். கிண்ணத்தைத் திரும்ப வைக்க முடியாவிட்டால் சின்னத் துணை டேங்க் போடவேண்டியதுதான்.

சூடாக நிறுத்திவிட்டு எடுத்தால் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியைப் போட்டு அழுத்தம் ஏறியதும் அணைத்துவிட்டு கேஜைப் பாருங்கள். சில நிமிடத்தில் பூஜ்யத்துக்கு வந்தால் எங்கோ கசிகிறது. மீண்டும் ஏற்றி, ரிட்டர்ன் பக்க ரப்பர் ஹோஸை மெதுவாக இறுக்குங்கள். அழுத்தம் நின்றால் ரெகுலேட்டர். நிற்காவிட்டால் வரும் பக்கத்தை இறுக்குங்கள். அப்போது நின்றால் பம்பின் ஒருவழி வால்வு. இரண்டிலும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. நைலான் குழாயை இறுக்காதீர்கள், முறிந்துவிடும். ஒருவழி வால்வு மட்டும் போயிருந்தால் பூஸ்டில் ஆபத்தில்லை, பொறுமையாக மாற்றலாம். சொட்டுகிற இன்ஜெக்டரைத் தள்ளிப் போட வேண்டாம்.

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை

ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ஈரமில்லை, ஆனால் ஐடிலில் 4 பாருக்கு மேல் காட்டுகிறது என்றால் பெரிய பம்ப் அனுப்பும் பெட்ரோல் பழைய மெல்லிய ரிட்டர்ன் லைனில் போக இடமில்லாமல் நிற்கிறது. ரிட்டர்னைக் கழற்றிக் கேனில் விட்டுப் பாருங்கள்; அழுத்தம் உடனே இறங்கினால் லைனைத்தான் பெரிதாக்க வேண்டும். இதை மேப்பில் பெட்ரோலைக் குறைத்து மறைக்கும் ட்யூனர்கள் உண்டு. ஐடில் அழகாகிவிடும், மேலே போய் லீன் அடிக்கும்.

பெட்ரோல் போட்ட மறுநாளிலிருந்து

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). முழுப் பெட்ரோலுக்கு 14.7 என்றிருந்த காற்று விகிதம் இ20-க்கு 13.5 பக்கம். இ10 காலத்தில் ட்யூன் செய்து, அதன் பிறகு தொடாத வண்டி 4 சதவீதம் லீனாகவே ஓடும். எல்லா இடத்திலும் சீராக லீன் என்றால் இதுதான். மீட்டரை லாம்டாவில் படியுங்கள், குழப்பம் வராது. எத்தனால் பழைய டேங்கின் படிவத்தையும் கிளறிவிடும், அதனால் முதல் சில டேங்க்கில் ஃபில்டர் அடைக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு கலந்து அடியில் தனியாக இறங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும்.

எல்லா எண்ணும் சரி, ஆனால் ஒரு பிளக் மட்டும் வெள்ளை

வைட்பேண்ட் காட்டுவது நாலு சிலிண்டரின் சராசரி. ஒரு இன்ஜெக்டர் 20 சதவீதம் அடைத்தால் மீட்டரில் 5 சதவீதம்தான் மாறும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அதனால் பூஸ்டில் ஒரு முழு இழுப்புக்குப் பின் அப்படியே இன்ஜினை அணைத்து, நாலு பிளக்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று காப்பி நிறம், ஒன்று வெள்ளை என்றால் அந்த இன்ஜெக்டரை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு மீண்டும் ஒரு இழுப்பு, கொஞ்சம் குறைந்த பூஸ்டில். வெள்ளை இன்ஜெக்டரோடு போனால் அதைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். திரும்பி வரும்போது நாலின் அளவும் 2, 3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். அதே சிலிண்டரிலேயே வெள்ளை நின்றால் இன்டேக் கேஸ்கெட் ஓரமாக சோப்புத் தண்ணீர் அடித்து, மேனிஃபோல்டுக்குக் கொஞ்சம் காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். அங்கும் குமிழி வராவிட்டால் கம்ப்ரஷன் டெஸ்ட்.